சொரோட்டிக்கு 12 நாள் ஊழியப் பயணம்: போகலாமா, வேண்டாமா?

தேரிக்காடு (இழையைத் தொடங்கியவர்) · பிப்ரவரி 11

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் இருந்து மே மாதம் 11 பேர் உகாண்டா போவதாக முடிவாகியிருக்கிறது. நாட்டின் கிழக்கே தெசோ என்ற பகுதி. சொரோட்டி டவுனில் இருந்து மண் ரோட்டில் இரண்டு மணி நேரம் உள்ளே போனால் வரும் கிராமம். 12 நாள். மூன்று நாள் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), இரண்டு இரவு கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்டம், ஒரு நாள் மருத்துவ முகாம், அப்புறம் ஒரு புது போர்வெல். தலைக்கு 1,70,000 ரூபாய். பாதியை நாங்கள் போட வேண்டும், பாதி சபை தரும்.

நான் கோவையில் பம்பு சர்வீஸ் வேலை பார்க்கிறேன். போர்வெல் இருப்பதால் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். எனக்கும் ஆசைதான். ஞாயிறு பள்ளியில் மிஷனரி கதைகள் கேட்டே வளர்ந்தவன். ஆனால் இரண்டு வாரமாக மனசு சரியில்லை. 11 பேருக்கு 18,70,000 ரூபாய். போர்வெல் செலவு இதில் சேராது. அவ்வளவு பணத்தில் அந்த ஊருக்கு என்னென்ன செய்யலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஊரில் அம்மாவிடம் சொன்னேன். "அங்க இருக்கிறவங்க உங்களை வரச் சொன்னாங்களாப்பா?" என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

போய் வந்தவர்கள், அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாராவது இருந்தால் மனம் திறந்து சொல்லுங்கள்.

சாலேம்_சாட்சி · பிப்ரவரி 11

போய்ட்டு வாங்க தம்பி. பணக்கணக்கு பார்த்தால் எந்த ஊழியமும் நடக்காது. கதவு திறந்திருக்கும்போது நுழைய வேண்டும். ஜெபித்துக்கொள்கிறேன்.

கம்பாலா_கணக்கர் · பிப்ரவரி 12

ஆறு வருடம் கம்பாலாவில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை போனது உகாண்டா ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு. அதனால் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் நோட்டீஸில் "சுவிசேஷம் எட்டாத மக்கள்" என்று அச்சடித்திருந்தால் முதலில் அதை நீக்கச் சொல்லுங்கள். 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் 39 சதவீதம், ஆங்கிலிக்கன் 32, பெந்தெகொஸ்தே 11. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கிறிஸ்தவர்கள். நம் மாநிலத்தில் நூற்றுக்கு ஆறு பேர். யார் யாரிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீங்களே யோசியுங்கள்.

எண்ணிக்கை மட்டும் இல்லை. 1885 முதல் 1887 வரை, இன்றைய உகாண்டாவின் ஒரு பகுதியான புகாண்டா ராஜ்ஜியத்தின் அரசவையில் இருந்த இளைஞர்கள் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார்கள். பலரைக் கம்பாலா அருகே நமுகோங்கோவில் உயிரோடு எரித்தார்கள். அவர்கள் நினைவாக இன்றும் ஜூன் 3 அங்கே அரசு விடுமுறை. வாரக்கணக்கில் நடந்தே வந்து சேருகிறவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். காலில் செருப்புக்கூட இல்லாத பாட்டிமார். அப்போலோ கிவெபுலாயா என்ற உகாண்டாக்காரர் 1896-லேயே இன்றைய காங்கோவில் இருக்கும் எம்போகாவுக்கு மிஷனரியாகப் போனவர். 1930களில் கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிய எழுப்புதல் என்ற சபை விழிப்பு இயக்கமும் ருவாண்டாவிலும் உகாண்டாவிலும்தான் வேர் பிடித்தது. 1977-ல் இடி அமீன் ஆட்சியைத் தட்டிக்கேட்ட பேராயர் ஜனானி லுவும் என்பவரும் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட சபைக்கு நாம் 12 நாளில் என்ன கன்வென்ஷன் நடத்தப் போகிறோம்?

இன்னொன்று. மே மாதம் உங்களுக்கு லீவு, சரி. தெசோவில் அது களை எடுக்கும் நேரம். போன அறுவடை தீர்ந்து, புது அறுவடை வர ஜூலை ஆகும். வீட்டில் தானியம் அடிமட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் 11 விருந்தாளிகள் போய் இறங்கினால், வாய் திறந்து வேண்டாம் என்று அவர்கள் சொல்லவே மாட்டார்கள். இருக்கும் கோழியை அடித்துப் போடுவார்கள்.

அம்மா கேட்டதுதான் கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் டிக்கெட் போடாதீர்கள்.

வார்டு_சிஸ்டர் · பிப்ரவரி 12

மருத்துவ முகாம் பற்றி மட்டும் சொல்கிறேன். 22 வருடம் நர்ஸ் வேலை, முகாம்களுக்கு நிறையப் போயிருக்கிறேன்.

ஒரு நாள் முகாம் என்றாலும் வெளிநாட்டு டாக்டர் அங்கே உகாண்டா மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்க வேண்டும். சபையில் கேட்டுப் பாருங்கள், பலருக்கு இது தெரியவே தெரியாது. மருந்துக்கும் முறை இருக்கிறது. போய்ச் சேரும் நாளில் காலாவதிக்கு ஒரு வருடமாவது பாக்கி இருக்க வேண்டும், சாம்பிள் மருந்து சேர்க்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நம் ஆட்கள் ஒவ்வொரு வீட்டிலும் மிச்சம் கிடக்கும் அட்டைகளைப் பெட்டியில் போட்டுக் கட்டுவார்கள். தயவு செய்து விடாதீர்கள்.

பிரஷர் உள்ள அம்மாவுக்கு 15 நாள் மாத்திரை கொடுத்துவிட்டு வருவோம். 16-ஆம் நாள் அவர் என்ன செய்வார்? காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு மலேரியா டெஸ்ட் செய்யாமல் பாராசிட்டமால் சிரப் கொடுத்தால், சூடு இறங்கியதும் தாய் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே பெரும்பாலும் உயிருக்கே ஆபத்தான ஃபால்சிபாரம் வகை மலேரியா. ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு ஓரிரு நாள் தாமதம் போதும். அந்த வட்டாரத்தில் அரசு சுகாதார மையமும் கிராம சுகாதாரக் குழுவும் இருக்கும். உங்கள் டாக்டர் அங்கே போய் அவர்களோடு உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கலாம். தனிப் பந்தல் வேண்டாம்.

உகாண்டாவின் ஜிஞ்சா நகரில் நடந்தது தெரிந்திருக்கும். மருத்துவப் படிப்பு இல்லாத ஓர் அமெரிக்க இளம்பெண் ஊழியமாக நடத்திய சத்துக்குறைவுக் குழந்தைகள் மையத்தில் 2010 முதல் 2015 வரை 940 பிள்ளைகள் சேர்க்கப்பட்டு, 105 பேர் இறந்தார்கள். 2019-ல் தாய்மார் வழக்குப் போட்டார்கள். 2020-ல் சமரசமாக முடிந்தது, அவர் தரப்பு தவறை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெண் கெட்ட எண்ணத்தோடு போனதாக நான் நினைக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

உங்களுக்கு: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டிருக்க வேண்டும். ஊசி போட்டதற்குத் தரும் மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பினால் இங்கே ஆறு நாள் தனிமையில் வைத்துவிடுவார்கள். மலேரியாவுக்கு டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுங்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் சாப்பாட்டுக்குப் பின் நிறையத் தண்ணீரோடு. ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் நிறுத்தக் கூடாது. நம்ம ஆட்கள் விமானம் இறங்கியதுமே நிறுத்துவார்கள்.

மார்த்தாள்_வீடு · பிப்ரவரி 13

எல்லோரும் சேர்ந்து அந்தத் தம்பியைப் பயமுறுத்துகிறீர்கள். நான் 19 வயதில் கென்யாவில் ஒரு கிராமத்துக்குப் பத்து நாள் போனேன். என் வாழ்க்கையே அங்கேதான் திரும்பியது. அதுவரை ஜெபம் எனக்கு ஒரு கடமை. இன்று நான் காது கேளாதோர் பள்ளியில் டீச்சராக இருக்க அந்தப் பத்து நாள்தான் காரணம். அதை வீண் செலவு என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கம்பாலா_கணக்கர் · பிப்ரவரி 13

சகோதரி, உங்களுக்குக் கிடைத்தது உண்மை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கிராமத்துக்கு என்ன கிடைத்தது என்று உங்கள் பதிவில் ஒரு வரி இல்லை. குறை சொல்வதற்காக இல்லை. நமக்குப் பாடம் கிடைக்க அவர்கள் வீட்டுத் தரித்திரம் வகுப்பறையாக இருக்க வேண்டுமா?

மார்த்தாள்_வீடு · பிப்ரவரி 14

நேற்று முழுக்க இதையே யோசித்தேன். எங்களுக்குச் சமைத்துப் போட்ட அம்மாவின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. போட்டோ இருக்கிறது, பெயர் இல்லை. நீங்கள் கேட்டது நியாயம்.

பழைய_பணித்தளம் · பிப்ரவரி 14

நான் மறுபக்கத்தில் இருந்தவன். ஜார்க்கண்ட் மலைக் கிராமங்களில் 27 வருடம் ஊழியம். தமிழ்நாட்டில் இருந்து குழுக்கள் எங்களைப் "பார்க்க" வரும். 30, 40 குழுவாவது வந்திருக்கும். விருந்தாளி வருகிறார் என்றால் என் மனைவி ஒரு வாரம் முன்பே மெத்தை, தலையணை கடன் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்குவாள். பள்ளிப் பிள்ளைகள் பாட்டு ஒத்திகை செய்வார்கள், பாடம் நின்றுவிடும். வந்தவர்கள் கண்ணீரோடு போவார்கள். பிறகு ஒரு கடிதம்கூட வராது.

ஆனால் ஒரு குழு வந்தது. நான்கே பேர். அதில் ஒருவர் தச்சர். வந்த முதல் நாள் என்னிடம், "ஐயா, நாங்க வர்றதால உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார். அப்படிக் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான். பள்ளிக்கூடத்து பெஞ்சுகளை உள்ளூர்ப் பையன் ஒருவனோடு சேர்ந்து சரி செய்தார். அடுத்த வருடமும் வந்தார். அதற்கடுத்த வருடமும். பதினோரு வருடம் வந்தார். அந்தப் பையன் இன்று தனியாகப் பட்டறை வைத்திருக்கிறான்.

நம் நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பிஷப்பான அசரியா ஐயா 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேசியது எல்லோருக்கும் தெரியும். மேற்கத்திய மிஷனரிகள் முகத்துக்கு நேரே நின்று சொன்னார்: உங்கள் சொத்தைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். அன்று கேட்கிற இடத்தில் நாம் இருந்தோம். இன்று விமானம் ஏறுகிற இடத்தில் இருக்கிறோம். அந்த வார்த்தை இப்போது நம்மை நோக்கித்தான் வருகிறது, தம்பி.

போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்பப் போக முடியுமா என்று பாருங்கள்.

நீர்_மட்டம் · பிப்ரவரி 16

இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். வட உகாண்டாவில் நான்கு வருடம் குடிநீர்த் திட்டத்தில் இருந்தேன். போர்வெல் விஷயம் சொல்லியாக வேண்டும்.

புதுசாகப் போடும் முன், அந்த ஊரைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரில் எத்தனை அடிபம்பு வேலை செய்யாமல் நிற்கிறது என்று கேளுங்கள். நிச்சயம் இருக்கும். பெயர்ப் பலகையோடு நிற்கும், கொடுத்த சபையின் பெயரும் வருடமும் போட்டு. போர் போடுவது இரண்டு நாள் வேலை, போட்டோவும் நன்றாக விழும். ஐந்து வருடம் கழித்து வாஷர் தேய்ந்தால் அதை மாற்ற யாரும் வர மாட்டார்கள்.

அங்கே அதிகம் இருப்பது யு2 பம்பு. அது வேறெதுவும் இல்லை, நம்ம இந்தியா மார்க் 2. மகாராஷ்டிராவில் ஜால்னா, சோலாப்பூர் பக்கம் மிஷன் ஆட்கள் செய்த பம்புகளில் இருந்து வளர்ந்தது. 1970களில் யுனிசெஃப் உதவியோடு சென்னையில் இருந்த ஒரு பொதுத்துறை ஆலை பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது. மார்க் 2-ல் வாஷர் மாற்றவே மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். அந்தத் தொல்லைக்காகத்தான் 1980களில் உங்கள் கோவை வட்டாரத்தில் சோதித்து மார்க் 3 செய்தார்கள். உகாண்டாவில் அதற்கு யு3 என்று பெயர். பம்பு சர்வீஸ் பார்க்கிறவர் என்கிறீர்கள், உங்கள் ஊர்ச் சரக்கு அது.

தண்ணீரில் அமிலத்தன்மை இருந்தால் ஜி.ஐ. பைப்பு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப்பு, சீக்கிரம் அரித்துவிடும். தண்ணீர் சிவந்து வரும், துணி கறைபடும், பெண்கள் மறுபடி குட்டைக்கே போய்விடுவார்கள். அந்த இடங்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பு போட வேண்டும். வட்டாரத்துக்கு ஒரு பம்பு மெக்கானிக் இருப்பார், ஊருக்கு ஒரு தண்ணீர்க் கமிட்டி இருக்கும். அவர்களைத் தாண்டி ஒரு நட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.

தேரிக்காடு · ஏப்ரல் 6

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. இரண்டு மாதம் ஆகிவிட்டது, அவ்வளவு நடந்தது.

இழையை அச்செடுத்து கமிட்டியில் வைத்தேன். கோபம் வந்தது. "ஆவிக்குரிய காரியத்துக்கு ஆடிட்டிங்கா" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். கடைசியில் எங்கள் ஆயர் அங்கே அந்த வட்டாரச் சபைகளைக் கவனிக்கும் ஆர்ச்டீக்கனுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். அதுவரை எல்லாமே நடுவில் இருந்த ஓர் ஏற்பாட்டாளர் வழியாகத்தான் நடந்திருக்கிறது. கிராமத்துச் சபையைக் கேட்கவே இல்லை. அம்மா கேட்டதற்கு அதுதான் பதில்.

அவர்கள் பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. மே வேண்டாம், ஆகஸ்ட் கடைசியில் வாருங்கள், பள்ளி விடுமுறை, அறுவடையும் முடிந்திருக்கும். புது போர் வேண்டாம், இரண்டு பழைய பம்பு ஓடாமல் நிற்கிறது. மருத்துவ முகாம் வேண்டாம். கன்வென்ஷன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் லே ரீடர்களோடு உட்கார்ந்து வேதம் வாசிக்க ஒருவர் வேண்டும் என்றார்கள். லே ரீடர் என்றால் நம்ம உபதேசியார் மாதிரி. ஆயர் வராத ஞாயிறுகளில் சபையை நடத்துவது அவர்கள்தான்.

ஆகஸ்ட் என்றதும் பாதிப் பேருக்கு லீவு கிடைக்கவில்லை. 11 பேர் 5 பேரானோம். சபை தருவதாகச் சொன்ன தொகையில் மிச்சமானது பைப்புக்குப் போகிறது.

தேரிக்காடு · செப்டம்பர் 14

போய் வந்துவிட்டோம். மாத்திரை இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறேன், சிஸ்டர் அக்கா.

ஜிஞ்சாவில் நைல் நதியைத் தாண்டி, எம்பாலே, கூமி வழியாகப் போனோம். சொரோட்டியில் இறங்கியதும் எல்லோரும் "யோகா" என்றார்கள். தெசோ மொழியில் வணக்கத்துக்கு அதுதான் சொல். நன்றிக்கு "எயாலாமா". இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு 12 நாள் ஓட்டினேன்.

பம்பு மெக்கானிக் ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். சைக்கிளில் ஸ்பேனர் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் என் டூல் பாக்ஸைத் திறந்தேன். அதை எட்டிப் பார்த்துவிட்டு, பைப்பைப் பிடிக்கும் கிளாம்பை என் கையில் கொடுத்து, பிடி என்று சைகை காட்டினார். அன்று முழுக்க நான் ஹெல்பர்தான். மூன்று மீட்டர் பைப்பு ஒவ்வொன்றாக மேலே வந்தது. மொத்தம் பத்து. ஆறாவது பைப்பின் மரையை விரலால் தடவினேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. உள்ளே செம்மண் குழம்பு. வாஷரை எடுத்து அந்த அம்மா வெயிலில் பிடித்துக் காட்டினார். ஒரு பக்கம் முழுசாகத் தேய்ந்து நிலாப்பிறை போல இருந்தது. பம்பின் தலையில் பழைய பெயிண்டைச் சுரண்டினால், வார்ப்பில் "இந்தியா" என்று எழுத்து. அதைக் காட்டி என்னைக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கமிட்டிப் பொருளாளர் ஒரு பாட்டி. பள்ளி நோட்டில் வீட்டுக்கு மாதம் 1,000 ஷில்லிங் கணக்கு, ஏழு வருடத்துக்கு. பம்பு நின்ற மாதமும் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வாஷருக்கும் கூலிக்கும் அந்தப் பணம் போதும். பத்து ஸ்டீல் பைப்புக்கு எத்தனை வருடம் சேர்த்தாலும் போதாது. எங்கள் பணம் அந்த இடத்தில்தான் சேர்ந்தது. பெயர்ப் பலகை வைக்கவில்லை. அவர்கள் வைக்கச் சொன்னார்கள், ஆயர் மறுத்துவிட்டார்.

இரண்டாவது பம்பு ஆகவில்லை. உள்ளே ராட் அறுந்து சிலிண்டரோடு அடியில் விழுந்து கிடக்கிறது. மீன் பிடிப்பது போல நாள் முழுக்கத் துழாவினோம், வரவில்லை. சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

ஒரு தவறும் நடந்தது. எங்களில் ஒருவர் ஆசையாக ஒரு பை சாக்லேட் கொண்டுவந்திருந்தார். முதல் நாள் மாலை பிரித்தார். ஐந்து நிமிடத்தில் நூறு பிள்ளைகள். தள்ளுமுள்ளில் ஒரு சின்னப் பெண் விழுந்து முழங்கை கிழிந்துவிட்டது. லே ரீடர் எங்களைத் திட்டவில்லை. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, எங்களைப் பார்த்து, அடுத்த முறை தாய்மார் கையில் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்ணின் அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

அந்த லே ரீடருக்கு 42 வயது. நான்கு சபைகள், ஒரு சைக்கிள். நாங்கள் பாடம் நடத்தவென்று உட்கார்ந்த முதல் காலையில் அவர் வேதத்தில் ரூத் புத்தகத்தை, கதிர் பொறுக்கிப் பிழைத்த விதவையின் கதையை, எடுத்துப் பேசினார். அவர் பிறந்து சில வருடம் கழித்துத் தொடங்கிய மாட்டுக் கொள்ளைகள், பிறகு உள்நாட்டுச் சண்டை, அகதி முகாம், திரும்பி வந்து வெறும் நிலத்தில் கதிர் பொறுக்கிய தன் தாய். அவருக்கு ரூத் கதை கதையே இல்லை. எங்கள் ஆயர் குறிப்பு நோட்டை மூடி வைத்துவிட்டார். மீதி ஐந்து காலையும் நாங்கள் கேள்வி கேட்டோம், அவர்கள் சொன்னார்கள்.

ஞாயிறு ஆராதனை மூன்றரை மணி நேரம். காணிக்கையில் வேர்க்கடலை, கோழி, முட்டை எல்லாம் வந்தது. முடிந்ததும் வாசலில் ஏலம். நம்ம அறுப்பின் பண்டிகை அப்படியே! ஒரு விதவை வைத்த ஆறு முட்டையை நான் ஏலம் கேட்டேன். என்னோடு போட்டி போட்டவர் மெக்கானிக் அம்மா. ஏற்றிக்கொண்டே போய் என்னை ஜெயிக்க விட்டார். மதியம் அட்டாபா என்று ஒரு களி, கேழ்வரகும் மரவள்ளியும் சேர்த்துக் கிண்டியது, கடலைக் குழம்போடு. கேழ்வரகே அந்தக் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் இருந்து நமக்கு வந்ததுதானாம். சாப்பிட்ட உடனே பாட்டி கைக்களி நினைவு வந்துவிட்டது.

மார்த்தாள் அக்கா, எங்களுக்குச் சமைத்தவர்கள் நான்கு பேர். பெயர் எழுதி வந்திருக்கிறேன்.

கம்பாலா_கணக்கர் · செப்டம்பர் 14

இரண்டு முறை வாசித்தேன். என் பழைய பதிவில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள். மறுபடி போவீர்களா?

தேரிக்காடு · செப்டம்பர் 15

நீங்கள் கடுமையாக எழுதாவிட்டால் மே மாதம் போய் அவர்கள் கோழியைச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்போம் அண்ணா.

அடுத்த ஆகஸ்டில் நானும் ஆயரும் மட்டும். சிலிண்டரைத் தூக்கும் கருவி ஒன்று இங்கே பட்டறையில் செய்து பார்க்கிறேன். அதற்கு முன் ஜனவரியில் லே ரீடர் இங்கே வருகிறார். எங்கள் சபையும் நெல்லைப் பக்கம் இரண்டு கிராமச் சபையும் அழைத்திருக்கின்றன. ரூத் பாடத்தை நம் ஊர் உபதேசியார்களுக்கு அவர் எடுக்க வேண்டும் என்பது ஆயரின் ஆசை. விசா அழைப்புக் கடிதம் எப்படி எழுத வேண்டும் என்று யாருக்காவது தெரியுமா?

பழைய_பணித்தளம் · செப்டம்பர் 15

கடித மாதிரி என்னிடம் இருக்கிறது, தனி மடலில் அனுப்புகிறேன். நெல்லை வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். மனைவி இப்போதே மெத்தையை வெயிலில் போட்டுவிட்டாள். இந்த முறை கடன் வாங்க வேண்டாம்.

தேரிக்காடு · செப்டம்பர் 15

ஐயா, இரண்டு மெத்தை வேண்டும். மெக்கானிக் அம்மாவும் வருகிறார்கள். கோவையில் பம்பு வார்க்கிற பட்டறையைப் பார்த்தே ஆக வேண்டுமாம்.